எண்பத்தாறு எம்.பி. பயோடேட்டா

என் மனைவியை நான் வெட்டினேன். பதற வேண்டாம், போட்டோவில்தான். மகளுக்கு வரன் தேட நானே தயாரித்த பயோடேட்டாவில், அவளும் மகளும் சேர்ந்து நின்ற படத்திலிருந்து அவளை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த விஷயம் அவளுக்கு ஆயுசுக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. தெரிந்துவிட்டது. தெரிந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவன் நான். தட்டச்சுத் தேர்வில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. டைப்ரைட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தபோது கூட வேலை பார்த்தவர்கள் பாதிப்பேர் விருப்ப ஓய்வு கேட்கிற அளவுக்குப் போனார்கள். நான் ஒரே வாரத்தில் வேர்டைப் பழகிக்கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஓய்வு பெற்று மதுரை விளாங்குடி வீட்டில் உட்கார்ந்த பிறகும், தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், "பயோடேட்டாவ நானே பண்ணித் தாரேன்ப்பா, பத்து நிமிச வேல" என்று போனில் சொன்னாள். "எனக்கே டைப்படிக்கச் சொல்லித்தாரியா நீ?" என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். அவளிடமே விட்டிருந்தால் இதை எழுதும் வேலை இருந்திருக்காது.

என் மனைவிக்கு வெண்புள்ளி உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வலது கை விரல் நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு வாயோரம், கண்ணோரம் வந்து, இப்போது இரண்டு கையிலும் முழங்கை வரை பரவியிருக்கிறது. ஒட்டுகிற நோயே இல்லை, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் எங்களுக்கு அது கண்ணிலேயே படாமல் போய்விட்டது. வெளியாட்களுக்குத்தான் முதலில் அது தெரியும், அப்புறம்தான் ஆளே தெரியும்.

முந்தின வருடம் ஒரு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். என் மனைவி தட்டை நீட்டினாள். ஐந்து பேரும் காபியை எடுத்தார்கள், பக்கத்தில் வைத்தார்கள், பேசினார்கள், எழுந்து போனார்கள். ஐந்து டம்ளர் காபியும் ஆடை படிந்து அப்படியே நின்றது. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் பார்த்து, பத்தில் எட்டுப் பொருத்தம் என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கே வந்தவர்கள் அவர்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் மனைவி அவர்கள் போனதுமே ஐந்து டம்ளரையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த வரன் வந்தபோது ஆனையூரில் இருக்கும் என் தங்கையைக் கூப்பிட்டுக் காபி கொடுக்கச் சொன்னாள். தான் அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

அதனால்தான் வெட்டினேன். நல்ல எண்ணத்தில்தான் வெட்டினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் படம் உறவுக்காரர் ஒருவருடைய புதுவீடு புகுவிழாவில் என் தங்கை மகன் பெரிய கேமராவில் எடுத்தது. மகள் கேமரா முன்னால் நின்றாலே விறைத்துக்கொள்கிற ஜாதி. அன்றைக்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மற்ற போட்டோக்கள் எல்லாம் ஆதார் அட்டைக்கு எடுத்தது போலவே இருக்கும். ஆகவே இந்தப் படம்தான் வேண்டும், ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆள் வேண்டாம். வேர்டில் படத்தை வெட்டுவதற்கு கிராப் என்று ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால் படத்தின் ஓரங்களில் தடிமனாகக் கறுப்புக் கோடு வரும். கோட்டைப் பிடித்து உள்ளே தள்ளினால் தள்ளின மட்டும் மறைந்துபோகும். காலையில் அவள் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தள்ளி முடித்தேன்.

கீழே இறங்கி வந்தவள் கேட்டாள்: "எந்தப் போட்டோங்க வச்சீங்க?"

"புதுவீட்டுல எடுத்தது."

"நானும் அவளும் நிக்கிறதா?"

"அது இல்ல. அவ தனியா நிக்கிறது ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பேருன்னா இடம் பத்தல."

"அதுவும் சரிதான். பொண்ணத்தான பாக்கப் போறாக" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மகள் தனியாக நிற்கும் படம் ஒன்றுகூட அந்த விழாவில் எடுக்கப்படவில்லை என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதிப்பட்டேன்.

இனி எடைக்கு வருகிறேன். அலுவலகத்தில் பழகின பழக்கம் ஒன்று இதில் என் காலை வாரிவிட்டது. நிலத் தகராறு மனுக்களோடு புலப்படம் வைப்போம். வயலின் வரப்பு, அளவு, கல் நட்ட இடம் எல்லாம் குறித்த படம் அது. வேர்டு தன் போக்கில் படத்தைச் சுருக்கித்தான் சேமிக்கும். சுருக்கினால் கோடு மங்கும், மூன்று எட்டாகத் தெரியும், அப்புறம் ஒரு வரப்புக்காக இரண்டு குடும்பம் அரிவாளைத் தூக்கும். அதனால் எந்த ஃபைலைத் திறந்தாலும் 'படங்களைச் சுருக்காதே' என்கிற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். பயோடேட்டாவிலும் முதல் காரியமாக அந்த டிக்கை அடித்தேன். ஜாதகத்தையும் ஸ்கேனரில் உச்சபட்சத் தெளிவில் எடுத்து ஒட்டினேன். ராசிக் கட்டத்தில் ஒரு கிரகம் இடம் மாறித் தெரிந்தால் யார் பதில் சொல்வது?

இரண்டே பக்கம். உசிலம்பட்டியில் இருக்கும் கல்யாணத் தரகர் அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"அண்ணே, என்னத்த அனுப்புனீக? என் போனு வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு."

"பயோடேட்டாதாம்மா."

"பயோடேட்டாவா? எண்பத்தாறு எம்.பி.ன்னு காட்டுதுண்ணே! இம்புட்டு கனத்துல நான் இதுவரைக்கும் ஒரு பொண்ணயும் பாத்ததில்ல. கொஞ்சம் எளைக்க வச்சு அனுப்புங்க. பிடிஎஃப்பா மட்டும் மாத்திராதீக, மேல என் பதிவு நம்பரு போடணும்."

எண்பத்தாறா? எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நூறு பக்க அறிக்கையே ஒரு எம்.பி.யைத் தாண்டாமல் பார்த்தவன் நான். சரி, படத்தைச் சின்னதாக்குவோம் என்று மூலையைப் பிடித்து இழுத்துப் பாதியாக்கினேன். சேமித்துப் பார்த்தேன்: எண்பத்தாறு. இன்னும் இழுத்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தேன். மகள் முகம் கடுகு மாதிரி ஆகிவிட்டது. எண்பத்தாறு. ஆள் இளைத்தும் எடை குறையாத அதிசயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜாதகத்தைச் சுற்றியிருந்த வெற்றுக் காகித ஓரத்தையெல்லாம் கிராப் போட்டு வெட்டினேன். அப்போதும் எண்பத்தாறு. ஆத்திரத்தில் ஜாதகத்தையே தூக்கிவிட்டுப் பார்த்தேன், சடாரென்று இருபத்திரண்டுக்கு இறங்கியது. ஆக, அதற்கு எடை போடத் தெரிந்திருக்கிறது. நான் வெட்டியதைத்தான் அது கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறது.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். வெட்டின பிறகும் எடை குறையவில்லை என்றால் வெட்டின துண்டு எங்கே போனது? மூளை உள்ள எவனும் அதைக் கேட்டிருப்பான். எனக்குப் பழக்கம் காகிதத்தோடு. கத்தரி வைத்து வெட்டினால் துண்டு கீழே விழும், பெருக்கித் தள்ளிவிடலாம். கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாதது இல்லாததுதான் என்று நம்பிவிட்டேன். ஜாதகத்தைத் திரும்ப ஒட்டி, ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டு, பஸ் ஏறி உசிலம்பட்டிக்குப் போய்த் தரகர் அம்மா கையிலேயே கொடுத்தேன். அவரிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. "ரெண்டு எடத்துக்குக் குடுக்குறேண்ணே. ஒரு எடம் ரொம்ப நல்ல குடும்பம், வெவசாயமும் இருக்கு, பையன் மதுரயில வேல பாக்குறான். அவுக வீட்டுலயும் கம்ப்யூட்டரு இருக்கு, கனமெல்லாம் தாங்கும்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மனைவி எடுத்துப் பேசுவது குழாய்த் தண்ணீர் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டது. துண்டோடு வெளியே வந்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பல வருடமாகப் பார்க்கவில்லை.

"பையனோட அம்மா பேசுனாக. ஞாயித்துக்கெழம வாராகளாம்."

"நல்லதுதான."

"போட்டோவுல என்னையும் பாத்தாகளாம். நீங்களும் மகளும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறது அம்புட்டு நல்லாருக்கு, அதப் பாத்துத்தான் வரணும்னு தோணுச்சுன்னு சொன்னாக." போனைக் கீழே வைத்தாள். "இடம் பத்தலன்னு சொன்னீங்க. என்னையும் சேத்துத்தான் வச்சீங்களா?"

வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவனுக்குப் பல் கிட்டிக்கொண்டது. எப்படிப் பார்த்தார்கள்? யாரைப் பார்த்தார்கள்? என்ன பேசுகிறாள் இவள்? என் வாய் மட்டும் எனக்கு முந்திக்கொண்டது.

"ஆமா. சேத்துத்தான் வச்சேன்."

"நீங்க என்னைய விட்டுருவீங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள். அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஈரம் சொட்டச் சொட்ட லேப்டாப்பைத் திறந்தேன். படத்தில் மகள் ஒருத்திதான் நின்றாள். மூடினேன், திரும்பத் திறந்தேன். மகள் ஒருத்திதான். பிரின்ட் எடுத்துப் பார்த்தேன், அதிலும் அவள் மட்டும்தான். தரகர் அம்மாவைக் கூப்பிட்டு, மனைவிக்குக் கேட்காத குரலில், "படத்துல ஏதாச்சும் கை வச்சியாம்மா?" என்று கேட்டேன். "நம்பரத் தவிர நான் எதையும் தொடலண்ணே, சாமி சத்தியமா" என்றார். அந்த விழாவில் எடுத்த வேறு படமும் தரகர் அம்மா திருப்பித் தந்த பென் டிரைவில் இருந்ததோ, அதைத் திறந்துவிட்டார்களோ என்று தேடினேன். அதில் அந்த ஒரு ஃபைலைத் தவிர வேறொன்றும் இல்லை. பேய் பிசாசு எதிலும் நம்பிக்கை இல்லாத நானே திருநீறு அள்ளிப் பூசிக்கொண்டேன். மகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் கேட்டால் நான் வெட்டியதைச் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று நாளும் வீட்டில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். அவள் என் தங்கைக்கு போன் போட்டு, "நீ விருந்தாளியா வந்தாப் போதும், காபி நான் குடுத்துக்கிறேன்" என்றாள். பீரோவின் அடியில் கிடந்த மாம்பழ நிறப் பட்டை எடுத்து வெயிலில் போட்டாள். நான் கேட்காமலே இரண்டாவது தோசையில் நெய் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அந்தக் காபி ஆறிப்போன நாள்ல இருந்து எனக்கு உங்க மேல ஒரு வருத்தம் இருந்துச்சு. நீங்க அவுகள ஒரு வார்த்த கேக்கலன்னு. இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் பயந்து மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, கல்யாணமான அக்கா. மகள் முந்தின நாளே கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். என் மனைவி தட்டோடு வந்தாள். முழுக்கையெல்லாம் போட்டு மறைக்கவில்லை, சாதாரண ரவிக்கைதான். பையனுடைய அம்மா டம்ளரை எடுத்தார். நான் அந்த டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தவர் ஊதி ஊதிக் குடித்தார். "மதினி, தூக்கலா போட்டுருக்கீக, எனக்கு இப்படித்தான் வேணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதோடு போயிருக்கக் கூடாதா?

பையனுடைய அக்கா கலகலப்பான பெண். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மாமா, நீங்கதான் அந்த பயோடேட்டா பண்ணுனீங்களா? எங்க சிஸ்டமே ஒரு நிமிசம் நின்னு போச்சு. என்னடா இம்புட்டு கனம்னு பாத்தேன். போட்டோவுல பொண்ணு தோளு ஒரு பக்கம் வெட்டுப்பட்டுருந்துச்சு. கிராப் பண்ணுனா வேர்டு வெட்டாது மாமா, மறைச்சுத்தான் வைக்கும். சரி, தோளு முழுசாத் தெரியட்டும்னு ஓரத்தப் புடிச்சு இழுத்தேன். பாத்தா, அத்த நிக்கிறாங்க! நான் கத்துனதுல எங்கம்மா ஓடி வந்துட்டாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். "படத்தச் சுருக்குற எடத்துலயே, வெட்டுன பகுதிய அழிச்சிரவான்னு ஒரு டிக் இருக்கும் மாமா. அத அடிச்சுட்டா மொத்தமா போயிரும், ஃபைலும் சின்னதாயிரும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி தட்டில் கடைசி டம்ளரோடு எனக்கு நேரே நின்றாள். அது எனக்கான காபி.

பையனுடைய அப்பா அதுவரை அதிகம் பேசாதவர். மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "ஏன் வெட்டுனீக மச்சான்? மறைக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு?"

இத்தனை வருடம் மேலதிகாரிகளுக்குப் பதில் எழுதியே பிழைத்தவனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அப்போது என் மனைவி பேசினாள்.

"நான்தாண்ணே வெட்டச் சொன்னேன். எனக்கு போட்டோவுல நிக்கிறதே புடிக்காது. இவுக மாட்டேன் மாட்டேன்னுதான் சொன்னாக."

சொல்லிவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள். "சீனி போதுமா பாருங்க" என்றாள். குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. என் வாழ்நாளில் எனக்கு விழுந்த அடிகளில் அதுதான் பெரிது. வந்தவர்கள் எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். போகும்போது பையனுடைய அம்மா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தாம்பூலம் மாத்த எப்ப வரலாம் மதினி?" என்று கேட்டார்.

சாயங்காலம் மகளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்: "அன்னிக்கு நான் எதுக்குச் சிரிச்சேன்னு தெரியுமாப்பா? கேமராவப் பாத்து வெறச்சுக்கிட்டு நின்னேன்ல, அம்மா என் காதுல உங்க குறட்டைய அப்படியே செஞ்சு காட்டுச்சு." பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை, பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் மனைவி லேப்டாப்புக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படி வெட்டுனீங்கன்னு காட்டுங்க."

"வேணாம் விடு. தப்புத்தான். நான்..."

"காட்டுங்க. எனக்குத் தெரியணும்ல."

திறந்தேன். ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன். உள்ளே இத்தனை நாளும் இருந்தவள் வந்து நின்றாள், சிரித்தபடி, மகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. அவ்வளவு நாளும் எண்பத்தாறு எம்.பி.க்குள் எங்கோ ஒரு மூலையில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "ம், வெட்டுங்க" என்றாள். கோட்டைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அவள் முகம் பாதி போனது, முழுவதும் போனது, முழங்கை போனது.

"நில்லுங்க. இன்னும் விரல் தெரியுதே."

மகளுடைய பச்சைப் பட்டுத் தோளில் நான்கு வெள்ளை விரல் நுனிகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இத என்ன பண்ணுனீங்க?"

"தோளையும் சேத்து வெட்டுனேன்."

"அவ தோளையா?" என்று கேட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளை வெட்டியதற்குக்கூட அவள் முகம் அப்படி மாறவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு ஒரு டிக் சொல்லுச்சே. மொத்தமா அழிக்கிறது. அது எங்க இருக்கு?" என்றாள்.

தேடி எடுத்துக் காட்டினேன். அத்தனை வருடம் வேர்டில் வேலை பார்த்தும் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் நான் உள்ள இருந்தேன்."

"ஆமா."

"தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புகிற மாதிரி காட்டிக்கொள்வாள், அவள் குணம் அது. ஆனால் நேற்று எனக்காக அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அடிச்சிருப்பேன்" என்றேன்.

தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "கல்யாண வேல நெறையா கெடக்கு" என்று சொல்லி எழுந்து போனாள். அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒன்றும் இல்லாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தோசையில் நெய் மட்டும் நின்றுபோனது.

ஆவணி மாதத்தில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து, மேடையில் குடும்பப் படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். பொண்ணு மாப்பிள்ளை நடுவில், மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். நான் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு அடுத்து என் மனைவி நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவள் மேடை ஏறினாள், என்னைத் தாண்டிப் போனாள், மகளையும் தாண்டினாள், பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் புகுந்து, மாலைகளை விலக்கிக்கொண்டு நின்றாள். வலது கையை மகள் தோளிலும் இடது கையை மாப்பிள்ளை தோளிலும் வைத்தாள். பத்து விரலும் பளிச்சென்று தெரிந்தது.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். "அம்மா, பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவுல நிக்கிறீங்களே. கொஞ்சம் ஓரமா வந்துருங்கம்மா."

"ஓரத்துல நின்னா வெட்டிருவாகப்பா" என்றாள் என் மனைவி. "நடுவுல நின்னா வெட்ட முடியாதுல்ல? நீ எடு."

மேடையே சிரித்தது. சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்தார், மகளும் சிரித்துவிட்டாள், புகைப்படக்காரர் சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கினார். அவளும் சிரித்தபடிதான் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஐயா, கொஞ்சம் உள்ள தள்ளி வாங்க, நீங்க ஓரத்துல தனியா நிக்கிறீங்க" என்று அவர் இரண்டு தடவை என்னிடம் சொன்னார். நான் நகரவில்லை.